நாகம் என்றொரு பெயர், இரண்டு உலோகங்கள்

இலக்கியம் பேசக் கூடிய இவ்விடத்தில் உலோகத்திற்கும் மூளைக்கும் என்ன வேலை என்ற ஐயம் எழக்கூடும். ஒரு சொல்லின் வரலாறும் இலக்கிய ஆர்வலர்களின் எல்லைக்குள் அடங்குவதே என்பது நம் எண்ணம். அச்சொல்லைத் தவறாகப் பொருள் கொண்டால் ஒரு முதியவரின் அறிவே மங்கிப்போக இடமுண்டு என்னும்போது, அதன் வரலாற்றை அறிவது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிக் கடமையாகிவிடுகிறது. நாம் பேசவிருக்கும் சொல் 'நாகம்'. நாம் பேசவிருக்கும் பொருள் துத்தநாகம்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து துவரங்குறிச்சியை நெருங்கும் வானம் பார்த்த பூமியில் அமைந்திருக்கிறது மருங்காபுரி. பாளையமாக இருந்து, ஆங்கிலேயர் காலத்தில் ஜமீனாக மாறிய ஊர். இவ்வூரைத் தமிழன்பர்கள் நினைவில் கொள்ள வேறொரு காரணமும் உண்டு. மருங்காபுரி ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி, 1920களின் இறுதியில் 'திருக்குறள் தீபாலங்காரம்' என்ற பெயரில் குறளுக்கு உரைநூல் தந்தவர். ஆண்களே நிறைந்திருந்த உரையாசிரியர் வரிசையில் ஒரு பெண் இடம்பெற்றது இம்மண்ணிலிருந்துதான். அந்தக் குறளிலே 'மருந்து' என்ற அதிகாரம், மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய்க்கு வித்து என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. துத்தநாகத்தின் நெடிய வரலாற்றைப் படித்து முடித்தபோது, அக்கருத்தை விட்டு நம்மால் விலக முடியவில்லை.

இன்று மருங்காபுரி போன்ற சிற்றூர்களில் இளையோர் பிழைப்பைத் தேடித் திருச்சிக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்தும் சென்றுவிட, வீட்டைக் காப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. சாவியை வைத்த இடம் மறந்தது, பேரனின் பெயர் நாவில் வர மறுத்தது என்றதும் அவர்களுக்கு இரண்டு வாயில்கள் திறக்கின்றன. ஒன்று, மருந்துக்கடையில் விற்கும் 'ஜிங்க்' மாத்திரை. மற்றொன்று, நாட்டு மருந்துக்கடையிலோ ஊர் ஊராக வருபவரிடமோ கிடைக்கும் பற்பம். இரண்டுமே முதுமையை ஒத்திப்போடுவதாக வாக்களிக்கின்றன. இவ்வாக்குறுதிகளின் வேர் எங்கே இருக்கிறது, அவற்றுள் எவ்வளவு மெய் என்று காண்போம்.

முதலில் பெயர். துத்தம் என்பது உலோகம் சார்ந்த உப்புகளுக்கு வழங்கிய பழம்பெயர். மயில் கழுத்து நிறத்தில் இருக்கும் செம்பு உப்பை மயில்துத்தம் என்கிறோம். நாகம் என்றால் பாம்பு என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் மருத்துவ நூல்களில் அது ஓர் உலோகம். எந்த உலோகம் என்பதில்தான் சிக்கல். வடமொழி வழி வந்த ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். துத்தநாகத்திற்கு அங்கே 'யசதம்' என்று தனிப்பெயர். தமிழ்ச் சித்த மருத்துவத்திலோ நாகம் என்றால் துத்தநாகம். ஆகவே சித்த மருத்துவரின் 'நாக பற்பம்' துத்தநாகத்தைப் புடமிட்டுச் செய்தது. ஆயுர்வேதத்தின் 'நாக பஸ்மம்' காரீயத்தைப் புடமிட்டுச் செய்தது. ஒரே பெயர், இரு வேறு உலோகங்கள். தமிழ் அகராதிகளும் நாகம் என்ற சொல்லுக்கு இவ்விரு பொருளையும் தருகின்றன. இந்த மயக்கத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பது இரும்பையோ செம்பையோ உருக்குவது போன்ற எளிய செயலன்று. தாதுவிலிருந்து அது பிரிந்து வருவதற்கு ஆயிரம் பாகை செல்சியசையும் தாண்டிய வெப்பம் வேண்டும். ஆனால் 907 பாகையிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். திறந்த உலையில் அந்த ஆவி காற்றோடு கலந்து வெண்புகையாகப் போய்விடும். எனவே உலகின் பல நாகரிகங்கள் துத்தநாகத் தாதுவைச் செம்போடு சேர்த்துச் சூடேற்றிப் பித்தளை செய்யக் கற்றனவே தவிர, துத்தநாகத்தைத் தனியாகக் கண்ணால் காணவில்லை.

இப்புதிரைத் தொழில் அளவில் அவிழ்த்த இடம் இராஜஸ்தானத்தில் உதய்ப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவர். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தபோது, மூசைகள் வரிசை குலையாமல் நின்ற உலைகளே கிடைத்தன. ஓர் உலையில் ஆறுக்கு ஆறாக 36 மூசைகள். ஒவ்வொன்றும் கத்தரிக்காய் வடிவம். அவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே நெருப்பிட்டு, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிர்ந்த அறையில் உலோகமாகச் சேகரித்திருக்கிறார்கள். 'ரசரத்ன சமுச்சயம்' என்ற வடமொழி ரசவாத நூல் இதே முறையை விளக்கி, அந்த மூசைக்குக் கத்தரிக்காயின் பெயரையே இட்டிருப்பதை என்னென்பது! ஏட்டில் இருந்ததும் மண்ணில் கிடைத்ததும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்ன அரிய தருணம் அது. ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் பிரிஸ்டல் நகரில் துத்தநாக வடிப்புக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்தான். ஜாவர் உலைகள் அதற்குச் சில நூற்றாண்டுகள் மூத்தவை.

பிற்காலத்தில் சீனம் இவ்வுலோகத்தைப் பெருமளவில் உருக்கி ஏற்றுமதி செய்தது. கப்பல்களின் அடித்தளத்தில் பாரமாக ஏற்றப்பட்ட துத்தநாகக் கட்டிகள் சோழமண்டலக் கரையிலும் இறங்கின. 1745இல் தாயகத் துறைமுகத்தின் வாயிலிலேயே மூழ்கிய கோதேபோர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பலிலும் சீனத்துத் துத்தநாகம் இருந்தது. இதில் நம்மைக் கவர்ந்தது, ஐரோப்பிய வணிகர்கள் அச்சீன உலோகத்திற்கு இட்ட பெயர். போர்த்துகீசியர் 'துத்தனாகா' என்றனர். ஆங்கிலேயர் 'டூட்னேக்' என்றனர். நம் கடற்கரைகளில் வழங்கிய துத்தநாகம் என்ற சொல்லே இவ்வாறு திரிந்து கணக்கேடுகளில் ஏறியது. உலோகம் கிழக்கிலிருந்து வந்தது. அதற்கான சொல் இங்கிருந்து மேற்கே போயிற்று.

இதுவரை கண்டது உலையின் கதை. இனி உயிரின் கதைக்கு வருவோம். நரை, திரை, மூப்பு, சாக்காடு ஆகியவற்றை வெல்லும் விழைவு சித்தர் மரபில் காயகற்பம் என்ற பெரும் துறையாகவே வளர்ந்தது. உலோகங்களைச் சுத்தி செய்து, புடமிட்டு, உடல் ஏற்கும் மருந்தாக்குவது அதன் ஒரு பகுதி. உயிருக்கும் உலோகத்திற்கும் உறவுண்டு என்ற உள்ளுணர்வு அம்மரபில் இருந்தது. அவ்வுறவு எத்தகையது என்று அளந்து பார்க்கும் வழி பிற்காலத்தில்தான் பிறந்தது. 1869இல் பாஸ்டரின் மாணவரான ழூல் ரோலேன், துத்தநாகம் இல்லாவிடில் கரும்பூஞ்சை செழித்து வளராது என்று காட்டினார். 1934இல் எலிகளுக்கும் அது இன்றியமையாதது என நிறுவப்பட்டது. ஆயினும் மனிதனுக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்பதுதான் மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. எல்லா உணவிலும் இருக்கும் ஒன்று எப்படிக் குறையும் என்று கேட்டார்கள்.

அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் ஓர் இந்தியர். பீகாரிலுள்ள பக்சரில் 1928இல் பிறந்த ஆனந்த பிரசாத், பாட்னாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் மருத்துவம் பயின்று, ஈரானின் ஷிராஸ் நகருக்குச் சென்றார். 1958இல் அங்குள்ள சாதி மருத்துவமனையில் 21 வயது இளைஞன் ஒருவன் அவரிடம் வந்தான். தோற்றத்தில் அவன் பத்து வயதுச் சிறுவன். கடும் இரத்தசோகை, பருவ வளர்ச்சி இல்லை. அவன் உணவு பெரும்பாலும் ரொட்டி மட்டுமே. போதாததற்கு நாள்தோறும் மண்ணும் தின்று வந்தான். அவனைப் போன்றவர்கள் அப்பகுதியில் பலர் இருந்தனர். இரும்புச் சத்துக் குறைவு மட்டும் இவ்வளர்ச்சித் தடையை விளக்காது என்று கருதிய பிரசாத், துத்தநாகக் குறைவு காரணமாகலாம் என்ற ஊகத்தை 1961இல் வெளியிட்டார். எகிப்து சென்று அதை அளந்து உறுதி செய்தார். துத்தநாகம் கொடுக்கப்பட்ட இளைஞர்கள் ஓராண்டில் ஐந்து அங்குலத்திற்குக் குறையாமல் வளர்ந்தார்கள்.

உணவில் துத்தநாகம் இருந்தும் உடலில் ஏன் குறைந்தது? தானியத்தின் உமியடித் தோலில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பற்றிப் பிணைத்து, குடல் உறிஞ்சவிடாமல் செய்துவிடுகிறது. தட்டில் இருப்பது வேறு, உடலுக்குள் சேர்வது வேறு. இருப்பைக் காட்டிலும் அது சென்று சேரும் இடமே முக்கியம் என்ற இப்பாடத்தைத்தான் மூளையும் நமக்குக் கற்பிக்கிறது.

1955இல் மாஸ்கே என்ற ஆய்வாளர் விலங்கின் மூளைக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிவந்து காட்டியது. துத்தநாகத்தோடு சேரும்போது நிறம் கொள்ளும் சாயம் அது. ஹிப்போகாம்பஸ்தான் புதிய நினைவுகள் உருவாகும் இடம் என்பதை எண்ணினால் இதன் பொருள் விளங்கும். மூளையிலுள்ள துத்தநாகத்தின் பெரும்பகுதி புரதங்களோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஒரு சிறுபகுதி மட்டும் நரம்பணுக்களின் முனையிலுள்ள நுண்குமிழ்களில் அடைபட்டுக் காத்திருக்கிறது. சேதி ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது இத்துத்தநாகமும் வெளிப்பட்டு, அச்சேதியின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. குமிழ்களுக்குள் அதை ஏற்றும் புரதம் 1996இல் கண்டறியப்பட்டது. அதற்கு 'இசட்என்டி3' என்று பெயர்.

இப்புரதம் இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. மூன்று மாத வயதில் அவை மற்ற எலிகளைப் போலவே கற்றன, நினைவில் வைத்தன. ஆறு மாதம் ஆனபோது நினைவு தடுமாறியது. இளமையில் ஈடுகட்ட முடிந்த குறை முதுமை நெருங்குகையில் வெளிப்பட்டது. மனித மூளையிலும் வயது ஏற ஏற இப்புரதம் குறைகிறது என்றும், அல்சைமர் நோயுற்றோரிடம் மேலும் குறைந்திருக்கிறது என்றும் கண்டார்கள்.

அப்படியானால் முதியவர்களுக்குத் துத்தநாகத்தை அள்ளிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றுகிறதல்லவா? நோபல் பரிசு பெற்ற மக்ஃபார்லேன் பர்னெட் என்ற ஆஸ்திரேலிய அறிஞரும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணினார். மறதி நோய் வரக்கூடியவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்தால் அதைத் தள்ளிப்போடலாமோ என்று 1981இல் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1994இல், அதே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆஷ்லி புஷ் முதலானோர் நேர் எதிரான செய்தியோடு வந்தார்கள். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம், துத்தநாகம் பட்டதும் விரைந்து திரளுகிறது என்பதே அது. இதைப் பின்பற்றி, துத்தநாகத்தையும் செம்பையும் பிடித்து இழுக்கும் மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் 36 பேரிடமும் 2008இல் 78 பேரிடமும் நடந்த சோதனைகள் சிறிது நம்பிக்கை தந்தன. 2014இல் வெளிவந்த அடுத்த சோதனையின் முடிவோ ஏமாற்றமே அளித்தது. கொடுத்தாலும் தீரவில்லை, எடுத்தாலும் தீரவில்லை. அணுக்களுக்கு வெளியே திரள்களில் துத்தநாகம் சிறைப்பட்டிருக்க, உள்ளே அதற்குப் பஞ்சம் நிலவுகிறது என்பதே இன்று பல ஆய்வாளர்கள் கொள்ளும் கருத்து.

நலமாக உள்ள முதியோரின் நிலை என்ன? ஐரோப்பாவில் 55 முதல் 87 வயது வரையிலான 387 பேருக்கு ஆறு மாதம் துத்தநாகமோ வெற்று மாத்திரையோ கொடுத்துச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு அளவுகோல்களில் ஒன்றே ஒன்றில், அதுவும் மூன்றாம் மாதத்தில் மட்டும், நன்மை தெரிந்தது. மற்றொன்றில், நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் எடுத்தவர்களின் கவனம் சற்றே குறைந்திருந்தது. அமெரிக்காவில் கண்நோய்க்கென 80 மில்லிகிராம் துத்தநாகமும் உடன் செம்பும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட முதியோரின் அறிவுத்திறனை அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்விலும் பயன் தென்படவில்லை. பிரசாத் தம் முதுமையில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு நன்மையைக் காட்டியது. ஐம்பது முதியோரில் துத்தநாகம் பெற்றவர்களுள் 29 விழுக்காட்டினருக்கே ஓராண்டில் தொற்றுநோய் கண்டது. பெறாதவர்களுள் 88 விழுக்காட்டினருக்கு. ஆக, குறைவை நிரப்பினால் உடலின் காவல் வலுப்பெறும். நினைவைக் கூட்டும் மந்திரம் மட்டும் அம்மாத்திரையில் இல்லை.

மிகுதியின் கதையும் ஒன்றுண்டு. துத்தநாகம் கூடினால் குடல் செம்பை ஏற்க மறுக்கிறது. செம்பு குறைந்தால் தண்டுவடமும் நரம்புகளும் பழுதாகின்றன. கால் மரத்து, நடை தள்ளாடிய சிலரின் நோய்க்கு, பொய்ப்பல்லை ஒட்ட வைக்க அவர்கள் ஆண்டுக்கணக்கில் அளவின்றிப் பூசிவந்த பசையிலிருந்த துத்தநாகமே காரணமாகலாம் என அமெரிக்க மருத்துவர்கள் 2008இல் எழுதினார்கள். மேலே சொன்ன 80 மில்லிகிராம் மருந்தோடு செம்பைச் சேர்த்ததும் இவ்வச்சத்தால்தான்.

இனி நாம் தொடங்கிய பெயர் மயக்கத்திற்கு மீள்வோம். துத்தநாகம் மூளைக்கு அளவோடு வேண்டிய பொருள். காரீயம் அளவோடும் வேண்டாத நஞ்சு. இரத்தத்தின் செம்பொருளைச் செய்யும் ஒரு நொதியில் துத்தநாகம் அமர்ந்திருக்க வேண்டிய இருக்கையிலிருந்து அதைத் தள்ளிவிட்டுக் காரீயம் ஏறி அமர்ந்துகொள்கிறது; நொதி செயலிழக்கிறது. பெயரில் மாறாட்டம் செய்த அதே காரீயம் உடலுக்குள்ளும் ஆள்மாறாட்டம் செய்கிறது! எலும்புகளில் பல்லாண்டு தங்கியிருந்து, முதுமையில் எலும்பு தேயும்போது மீண்டும் இரத்தத்தில் கலக்கும் தன்மையும் அதற்குண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் 14இல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததாகக் கூறியது. மரபு மருத்துவத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. முறையாகப் பயின்ற மருத்துவர் எந்த நாகம் என்று அறிவார். முகவரியில்லாத பொட்டலத்தில் எழுதிய 'நாகம்' எது என்று வாங்குபவர் எவ்வாறு அறிவார்? ஞாபகத்தை மீட்க வாங்கிய பொடியே ஞாபகத்தை அழிக்குமானால் அதைவிடக் கொடுமை வேறென்ன?

அப்படியெனில் நம்மூர் முதியோருக்கு வேண்டிய துத்தநாகம் எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்துதான் வரவேண்டும். அம்மண்ணே பசித்திருக்கிறது. இந்திய விளைநில மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், தமிழகத்தில் பாதிக்கு மேலும் துத்தநாகம் குறைந்திருப்பதாக வேளாண் ஆய்வுகள் கூறுகின்றன. நெல்லின் இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றும் 'கைரா' நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே 1960களில் கண்டறிந்தார். திருச்சி மாவட்டத்தின் களர் நிலங்களில் இக்குறை கூடுதல். களர் நில வேளாண்மையில் கவனம் செலுத்தும் வேளாண் கல்லூரி நாவலூர் குட்டப்பட்டில் இயங்குவதும் இம்மண்ணின் தன்மை கருதியே. எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இடவேண்டும், களர் நிலத்தில் இன்னும் கூடுதலாக இடவேண்டும் என்பது நெல் பயிரிடுவோர் அறிந்த பரிந்துரை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த கணக்கின்படி, நாளொன்றுக்கு ஆணுக்கு 17 மில்லிகிராமும் பெண்ணுக்கு 13.2 மில்லிகிராமும் துத்தநாகம் தேவை. அமெரிக்கர்களுக்குச் சொல்லப்படும் 11, 8 என்ற அளவுகளைவிட இது கூடுதலாக இருப்பதற்குக் காரணம், நம் உணவில் தானியமும் அதனோடு பைட்டேட்டும் மிகுதி என்பதே. ஷிராஸ் நகர இளைஞனின் புளிக்காத ரொட்டியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் கம்பங்கூழை இரவே காய்ச்சிப் புளிக்க வைத்தார்கள். பயறை ஊறவைத்து முளை கட்டினார்கள். இட்லி மாவைப் பொங்க விட்டார்கள். புளிப்பதும் முளைப்பதும் பைட்டேட்டைச் சிதைத்துத் துத்தநாகத்தை விடுவிக்கின்றன. அறிந்து செய்தார்களா, சுவைக்காகச் செய்தார்களா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும்; பயன் உண்மை. எள், நிலக்கடலை, பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவை நல்ல ஊற்றுகள். பல் போனதாலும் தனியாகச் சமைக்கச் சலிப்பதாலும் நம் முதியோர் முதலில் கைவிடுவது இவற்றைத்தான். வெறும் சோறும் ரசமும் இருவேளைக்குப் போதும் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவோ அப்பாவோ என்ன மாத்திரை விழுங்குகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். அலமாரியில் பெயரெழுதாத பொட்டலம் இருந்தால் அதிலுள்ள நாகம் எந்த நாகம் என்று தகுதியுள்ள மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மறதி மிகுந்தால் அதை முதுமையின் இயல்பென்று ஒதுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.